வேன் வராதுங்க, டீச்சர் வருவாங்க!

பல்லடத்தில் காங்கேயம் பஸ்ஸைப் பிடித்து ஜன்னலோரமாக ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் பொங்கலூர் வந்துவிடும். கோவை - திருச்சி மெயின் ரோட்டில் இருக்கிற ஊர். பெயரைக் கேட்டதும் நெய்யும் முந்திரியும் ஞாபகத்துக்கு வந்து, நாக்கைச் சப்புக்கொட்டிக் கொண்டு இறங்கிவிடாதீர்கள். இங்கே முதலில் வரவேற்பது செம்மண்ணும் கோழிப் பண்ணை வாசனையும்தான்! பி.ஏ.பி. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் காடு பச்சை. விடாவிட்டால் காடும் காட்டுக்காரரும் சேர்ந்து வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

காலை ஏழரை மணிக்கு இந்த ரோட்டோரம் டீக்கடையில் நின்றால் இரண்டு வகை வேன்களைப் பார்க்கலாம். ஒன்று, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றுவது. இன்னொன்று, இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலுக்குப் பிள்ளை ஏற்றுவது. முன்னது சம்பாதித்துக் கொண்டு வருவதைப் பின்னது கொண்டு போய்விடும் என்பது வேறு கதை.

இந்த இரண்டிலும் ஏறாமல், தோளில் பையோடு நடந்து போகும் பிள்ளைகளும் உண்டு. பாதிப் பேர் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கு. இந்தத் திருப்பூர், கோவை வட்டாரத்தில் மாதா கோயில் இருக்கிற ஊர்களில் மீதிப் பேர் 'ஆர்.சி. ஸ்கூலுக்கு'.

ஆர்.சி. என்றால் நம்மைப் போன்ற டூவீலர் ஆசாமிகளுக்கு டிராபிக் போலீஸ் கேட்கிற புஸ்தகம்தான் ஞாபகம் வரும். இது அதல்ல. ரோமன் கத்தோலிக்! கோயிலை ஒட்டி ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு வேப்ப மரம், ஒரு கெபி, ஒரு மணி. பங்குச் சாமியார்தான் பெரும்பாலும் தாளாளர். 'ஆர்.சி. தொடக்கப் பள்ளி' என்ற போர்டுக்குக் கீழே 'அரசு நிதி உதவி பெறுவது' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது.

கட்டடமும் மணியும் கோயிலுடையது. வாத்தியார் சம்பளம் கவர்ன்மென்ட்டுடையது. பிள்ளைகள் எல்லோருடையதும்! ஞானோபதேசம் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு. அந்த நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறிக் கதை. அரசுப் பணம் வாங்கும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனைக்கு உட்கார வைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவே சொல்கிறது.

இந்தக் கூட்டுக் குடித்தனம் இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. 1854-ல் லண்டனிலிருந்து வந்த 'உட் அறிக்கை'தான், பள்ளி நடத்துகிற தனியாருக்கும் மிஷன்காரர்களுக்கும் சர்க்கார் மானியம் தரலாம் என்று வழி திறந்துவிட்டது. அதற்கு முன்னால் கோயில் உபதேசியார்தான் ஊருக்கு வாத்தியார். திண்ணைதான் கிளாஸ் ரூம்.

இந்தப் பக்கத்தில் அந்தப் பழங்கதையின் தலைவாசல் கருமத்தம்பட்டி. பொங்கலூரிலிருந்து திரும்பவும் பல்லடம் வந்து, வடமேற்கே தறிச் சத்தம் கேட்கும் சோமனூர் வழியாகப் போனால் அங்கே ஜெபமாலை அன்னை கோயில். 17-ஆம் நூற்றாண்டிலேயே ஏசு சபையினர் வேர் பிடித்த ஊர். 1846 அக்டோபர் 4-ஆம் தேதி மார்யோன் பிரெசிலாக் என்ற பிரெஞ்சுக்காரருக்கு ஆயர் பட்டம் கொடுத்தது இங்கேதான். அப்போது அவருக்கு வயது 32. (நாம் அந்த வயதில் இன்க்ரிமென்ட் அரியருக்கு பில் கிளார்க் பின்னால் அலைந்து கொண்டிருப்போம்!) இந்த ஊர்ப் பையன்களைப் படிக்க வைத்து, இவர்களையே குருக்களாக்கிப் பொறுப்பைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது மனிதரின் பிடிவாதம். அதற்கு முதல் படி பள்ளிக்கூடம்தானே? நினைத்த வேகத்தில் காரியம் நடக்கவில்லை. பதவியை விட்டுவிட்டுப் போய், 1856-ல் ஆப்பிரிக்க மிஷன் சபையை ஆரம்பித்து, 1859-ல் ஃபிரீடவுனில் காய்ச்சலில் இறந்து போனார்.

இதைவிடப் பழைய கடன் ஒன்று நம் எல்லோர் விரலிலும் இருக்கிறது. ஒண்ணாங் கிளாஸில் 'கெ'வுக்கும் 'கே'வுக்கும் வித்தியாசம் காட்ட டீச்சர் கொம்பில் இன்னொரு சுழி போடச் சொல்வாரே, அது இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம். ஓலைச்சுவடியில் குறில், நெடில் இரண்டும் தடுமாறிக் கொண்டிருந்ததைத் தெளிவாக்கினார். பரமார்த்த குருவையும் ஐந்து சீடர்களையும் வைத்து நம்மைச் சிரிக்க வைத்த அதே மனிதர்தான். 'கே' எழுதிக் கொட்டு வாங்கியவர்கள் திட்டுவதாக இருந்தால் இவரைத்தான் திட்ட வேண்டும்!

சரி, இப்போது இந்தப் பள்ளிகள் எப்படி நடக்கின்றன?

தலையை எண்ணித்தான். கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். 90 வரை 3 பேர். 120 வரை 4 பேர். ஆக, 60-க்குக் கீழே போன பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டே டீச்சர். ஒருவர் ஒண்ணு, ரெண்டு, மூணை ஒரே அறையில் உட்கார வைத்துச் சமாளிப்பார். மூணாங் கிளாஸ் வாய்ப்பாடு சொல்ல, ஒண்ணாங் கிளாஸ் அணில் படம் வரைய, நடுவில் ரெண்டாங் கிளாஸ் அடித்துக் கொள்ளும். இதற்குள் ஒரு டீச்சர் லீவு போட்டால்? சொல்ல வேண்டுமா!

அதனால்தான் மே மாத வெயிலில் டீச்சர்கள் குடையைப் பிடித்துக் கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். திண்ணையில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"ஏனுங் டீச்சர், உங்க ஸ்கூலுக்கு வேன் வருங்களா?"

"வேன் வராதுங்க. புள்ள வரலீன்னா நான் வருவனுங்க!"

சிரிப்பாகத்தான் சொல்வார்கள். ஆனால், இந்தச் சீமையில் அந்த ஒரு வார்த்தைக்கு ரொம்பப் பெரிய மதிப்பு உண்டு. ஏன் என்று தெரிய, நீங்கள் போட்டிருக்கும் பனியனைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

1980-களிலும் 90-களிலும் திருப்பூர் ஏற்றுமதி விறுவிறுவென்று ஏறிக் கொண்டிருந்தபோது, பனியன் கம்பெனிகளில் 'கைமடி' என்று ஒரு வேலை. டெய்லருக்குத் துணியை எடுத்துக் கொடுப்பது, தைத்து வந்ததை வாங்கி அடுக்குவது. பேருக்குத்தான் உதவி ஆள். அதில் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய பையன்களும் பெண்களும் நிறைய. சனிக்கிழமை சம்பளம் கையில் கிடைக்கும். அந்தப் பணத்தின் ருசி கண்ட பையனுக்கு நாலாங் கிளாஸ் பின்னம் கசக்காமல் என்ன செய்யும்? 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் முதல் கல்வி உரிமைச் சட்டம். 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. குடும்பத் தொழிலுக்கு, அதுவும் பள்ளி நேரம் போகத்தான் விலக்கு. சட்டமெல்லாம் சரி. திங்கட்கிழமை ஒரு பிள்ளை வரவில்லை என்பது முதலில் டெல்லிக்கா தெரிகிறது? அட்டெண்டன்ஸ் எடுக்கிற டீச்சருக்குத்தான்!

இப்போது காட்சி கொஞ்சம் மாறியிருக்கிறது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் குடும்பத்தோடு திருப்பூருக்கு வருகிறார்கள். அப்பாவும் அம்மாவும் 'ஒன்றரை ஷிஃப்ட்' பார்க்க, வாடகை லைன் வீட்டில் பிள்ளை தனியாக. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளி வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளை வேன் ஏற்றிக் கொண்டு போக, ரயிலில் வந்த பிள்ளைகள் பெஞ்சை நிரப்புகிறார்கள். அம்மாவுக்கு மளிகைக் கடையில் துவரம் பருப்பு கேட்டு வாங்கித் தருகிற மொழிபெயர்ப்பாளரே ரெண்டாங் கிளாஸ் படிக்கிற பொடிசுதான்!

பிள்ளையைப் பள்ளியில் பிடித்து வைக்கிற இன்னொரு ஆயுதம் தட்டு. 1956-ல் காமராஜர் ஆரம்பித்த மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு ஆனது. கோயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு அடிக்கிறது என்னவோ ஜெப மணிதான். ஆனால், பக்கத்து ஓட்டுக் கட்டடத்தில் அதற்கு அர்த்தமே வேறு. சாம்பார் நெருங்கிவிட்டது!

ஷிஃப்டுக்கு ஓடுகிற அம்மாவால் காலையில் அடுப்பு பற்றவைக்க முடிவதில்லை. 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளில் காலை உணவு வந்தபோது, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றார்கள். அதே பசிதான், போர்டில்தான் ஒரு வரி வித்தியாசம். 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாளில் கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது நீண்டது. தொடக்க விழா எங்கே தெரியுமா? திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில். 2025 ஆகஸ்டில் நகரத்துப் பள்ளிகளுக்கு நீட்டித்தபோது மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில். இரண்டுமே நம்ம 'ஆர்.சி.' ஜாதகம்தான். பொங்கலூர்ப் பக்கத்துப் பிள்ளைக்குப் பெயரில் மட்டும் இருந்த பொங்கல் இப்படியாகத் தட்டுக்கும் வந்து சேர்ந்தது!

இந்தப் பள்ளிகளில் ஏ.சி. கிடையாது, டை கிடையாது, ஆண்டு விழாவுக்கு சினிமா நடிகர் வர மாட்டார். கம்ப்யூட்டர் இருந்தால் அதிர்ஷ்டம், கரண்ட் இருந்தால் பேரதிர்ஷ்டம். இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் பெற்றவர்கள் வேன் ஏற்றுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் ஒன்று. தலை எண்ணிக்கை குறைந்து இப்படி ஒரு பள்ளி மூடினால், வேனுக்குப் பணம் கட்ட முடிந்தவன் அடுத்த பள்ளிக்குப் போய்விடுவான். கட்ட முடியாதவன் எங்கே போவான் என்பதைத் திருப்பூர் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறது. அந்தக் கைமடிப் பையன்களில் பலருக்கு இப்போது ஐம்பது வயது நெருங்கும்.

அடுத்த தடவை காங்கேயம் பஸ்ஸில் இந்தப் பக்கம் போனால், ஜூன் மாதமாக இருந்தால், தூங்கிவிடாமல் வெளியே பாருங்கள். செருப்பு தேயத் தேய ஒரு டீச்சர் யார் வீட்டுத் திண்ணையிலாவது நின்று கொண்டிருப்பார். உள்ளே ஒரு பொடிசு கதவுக்குப் பின்னால் ஒளிந்து கொண்டிருக்கும். யார் ஜெயிப்பார்கள் என்கிறீர்களா? பந்தயம் கட்டுவதாக இருந்தால் டீச்சர் மேல் கட்டுங்கள்!