பிடித்தம்

தோட்டங்களில் மாதந்தோறும் பத்தாந் திகதியளவில் சம்பளம் கொடுப்பது வழக்கம். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து வந்த எம் அன்னையார், அன்றிரவு குப்பி லாம்பின் முன் அமர்ந்து, பள்ளி மாணவராயிருந்த எம்மிடம் சம்பளச் சீட்டை நீட்டுவார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பிடித்தங்களை ஒவ்வொன்றாக நாம் வாசிக்க வேண்டும்: சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கோயிற் காசு, டோபி, பார்பர், மாவு. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு விரலை மடக்குவார். தமக்குத் தெரியாத பெயரொன்று வந்துவிட்டால் விரல் மடங்காது. மறுநாட் காலை பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளைக்கு நிம்மதியும் இராது. வாங்காத கம்பளியொன்றுக்கு இரண்டு மாதம் பிடித்திருந்த பணத்தை அவர் இவ்வாறே மீட்டார்.

இந்த எச்சரிக்கை முன்னோர் வழியாக வந்தது. 1921 ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. கங்காணியின் ஆட்களுக்கு உள்ள கடனைச் செலுத்தினால் அவர்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை ஏற்றுக்கொள்ளும். கடனும் அவர்களோடு கூடவே போகும். தம் பெயரில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இத்தகைய தாயாருக்குப் பிறந்து, பட்டம் பெற்று, பதுளையில் கல்லூரி ஆசிரியராகவும் அமர்ந்த நாம், அவரிடம் கைத்தொலைபேசியொன்றைக் கொடுத்து மாதந்தோறும் ரீலோட் செய்து வந்தோம். காசு நிற்பதில்லை என்று அவர் இருமுறை முறையிட்டார். “நீங்கள்தாம் கூடுதலாகப் பேசுகிறீர்கள், அம்மா” என்று நாம் நகைத்தோம்.

சென்ற மார்கழி மழையில் ஓரிரவு அவருக்கு மூச்சுத் திணறல் கண்டது. எழுந்து நடக்க இயலவில்லை. எம்மை அழைக்கத் தொலைபேசியில் காசும் இல்லை. காசின்றியே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைக்கலாம் என்பதை நாம் அவருக்குச் சொல்லி வைத்திருக்கவில்லை. மழை இரைச்சலில் பக்கத்து வீட்டாருக்கு அவருடைய குரல் எட்டவில்லை. விடியும்வரை சுவரில் சாய்ந்தே இருந்திருக்கிறார். வைத்தியசாலையில் நான்கு நாட்கள் இருந்து பிழைத்து வந்தார்.

பின்னர் விசாரித்தபோது, ஆங்கிலத்தில் வந்த ஏதோ ஒரு செய்தியில் அவருடைய விரல் பட்டதும், பாட்டும் இராசிபலனும் அனுப்பும் சேவையொன்று பத்து மாதமாக நாள்தோறும் சிறு தொகையை எடுத்து வந்ததும் தெரிந்தன. அவர் ஒரு நாளும் அந்தப் பாட்டைக் கேட்டதில்லை.

வெட்கத்தோடு எம் வங்கிக் கணக்கையும் எடுத்துப் பார்த்தோம். மகளுக்காக 2021 இல் ‘முதல் மாதம் இலவசம்’ என்று தொடங்கிய பாடச் செயலியொன்று இன்னமும் டொலரில் அறவிட்டுக் கொண்டிருந்தது! 2022 இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ஐயும் தாண்டியது. சந்தாவும் அவ்விதமே ஏறியிருந்தது. நாமோ விலைவாசியை மட்டும் நொந்துகொண்டிருந்தோம். கையால் எண்ணிக் கொடுக்கும் காசு உறுத்தும். தானே போகும் காசு உறுத்துவதில்லை. இந்தியாவில் 2021 ஒக்டோபர் முதல், அட்டை வழியாகத் தானே கழியும் இவ்விதத் தொகைகளுக்கு இருபத்து நான்கு மணி நேரம் முன்னதாகவே வங்கி அறிவித்தல் கொடுக்க வேண்டுமென்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. எம் அன்னையாரைக் கேட்டிருந்தால் எப்போதோ சொல்லியிருப்பார்.

இப்பொழுது பத்தாந் திகதியை அடுத்து வரும் ஞாயிறன்று தோட்டத்துக்குப் போய், ஒரு கொப்பியை விரித்து அவர் முன் வாசிக்கிறோம். மின்சாரம், தொலைபேசி, காப்புறுதி, தொலைக்காட்சி என்று வாசிக்க வாசிக்க, “இது யார் கேட்டது?” என்பார். பதில் சொல்ல இயலாத மூன்றை இதுவரை நிறுத்திவிட்டோம்.

சென்ற முறை, தோட்டத்து மரண சகாய சங்கத்துக்கு அவர் கட்டும் சந்தாவில் வந்து நின்றோம். நாம் இருக்கும்போது இது எதற்கு என்று மெல்லக் கேட்டோம். அவர் சிறுவிரலை மடக்கிக்கொண்டார்.

“அது நான் கேட்டது தம்பி. அடுத்ததை வாசி.”