காரைக்குடியில் காரை எங்கே?

ரிட்டயர் ஆன ட்ராயிங் வாத்தியாருக்கு ஊரில் ஒரே ஒரு மரியாதைதான் மிச்சம். ஓவியப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிடுவார்கள். ஒரு பொன்னாடை, ஒரு காபி, இரண்டு பிஸ்கட். நானும் தட்டாமல் போய்விடுவேன்.

அன்றைக்குத் தலைப்பு 'பருவநிலை மாற்றம்'. மொத்தம் 63 படங்கள். அதில் நாற்பதுக்கு மேல் ஒரே படம்! பூமி உருண்டைக்குக் கண், மூக்கு, வாயில் தெர்மாமீட்டர், தலையில் ஐஸ் பை. பக்கத்தில் ஒரு மொட்டை மரம். மூன்று பரிசையும் உருண்டைக்கே கொடுத்தேன். வேறு வழி?

முதல் பரிசு வாங்கிய பையனிடம் சும்மா கேட்டுவைத்தேன். "இது என்ன மரம்டா கண்ணா?"

ஏற இறங்கப் பார்த்தான். "மரம் சார்!"

வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தபோது பேத்தி மடக்கினாள். "தாத்தா, நம்ம ஊர் பேர்லயே காரை இருக்கே, அந்தச் செடியை நீங்க போட்டுக் காட்டுங்க, பார்ப்போம்!"

காரைச் செடி மண்டிக் கிடந்ததால் காரைக்குடி என்று ஒரு கட்சி. சுண்ணாம்புக் காரை வீடுகளால் வந்த பெயர் என்று இன்னொரு கட்சி. நான் அவசரமாக இரண்டாவது கட்சியில் சேர்ந்துகொண்டேன். முப்பத்தோரு வருஷம் செம்பருத்தியும் பூஜாடியும் வரையச் சொல்லிக்கொடுத்தவனுக்குக் காரை எப்படி இருக்கும் என்றே தெரியாது!

எங்கள் பக்கம் பூவுக்கு என்ன பஞ்சம்? தேக்கு நிலையில் கொடி, நடுவீட்டுக் கோலத்தில் பூ, தரை பூராவும் ஆத்தங்குடிக் கல் பூ. ஆனால் அந்தக் கல்லில் இருப்பது என்ன பூ என்று கேட்டுப் பாருங்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்துக் கலர் ஊற்றுகிறவருக்கு அது 'பூ'. பையன் சொன்ன 'மரம்' மாதிரிதான்.

கடைசியில் காப்பாற்றியது எதிர்வீட்டு ஆச்சி. வயது 83. "காரைப்பழம் திங்காத வாயா? கண்மாய்க் கரைக்குப் போங்க வாத்தியாரே. சீமைக்கருவேலுக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சிருக்கும்."

இருந்தது. இடுப்பளவுப் புதர். மடக்கு நாற்காலி, குடை, பென்சில் சகிதம் உட்கார்ந்தேன். ஆடு மேய்க்கிறவர் என்னைப் பார்த்துவிட்டு, "சர்வேயா சார்?" என்று கவலையாகக் கேட்டார்.

வரைந்துகொண்டு போய்க் காட்டினேன். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "என்ன இது, முள்ளு ஒத்தையா நிக்கிது? காரை முள்ளு ஜோடி ஜோடியா எதிரெதிர நிக்கும். எத்தனை தடவை குத்தியிருக்கு, எனக்குத் தெரியாதா?"

மறுநாள் மறுபடியும் போய்ப் பார்த்தேன். ஆச்சி சொன்னதுதான் சரி. இலைக்காம்புக்கு மேலே, எதிரெதிராக இரண்டு முள். நாலு இதழில் பொடிப் பொடியாகப் பச்சை கலந்த மஞ்சள் பூ. புத்தகத்தைப் புரட்டினால், காரை நம்ம காபிச் செடிக்கு ஒன்றுவிட்ட பங்காளியாம், ஒரே குடும்பம்! தினம் இரண்டு வேளை காபி குடித்தும் இந்தச் சொந்தம் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

இந்த மாதிரி முள்ளை எண்ணி வரைவது பெரிய வித்தை. ராபர்ட் வைட் என்ற வெள்ளைக்கார டாக்டர் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட தாவரப் புத்தகத்தில் 2101 படங்கள் இருக்கின்றன. அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்கிட் இனத்துக்கே வைத்தார் வைட். பின்னால் வந்த விஞ்ஞானிகள் அதை வேறொரு இனத்தோடு சேர்த்துப் பெயரை எடுத்துவிட்டார்கள். ட்ராயிங் வாத்தியார்களின் ஜாதகமே இப்படித்தான்! திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்தில் இருந்த பாதர் மேத்யூவும் தமிழகத் தாவரங்களுக்குக் கோட்டோவியங்களுக்கென்றே 1982-ல் தனித் தொகுதி போட்டார்.

"செல்போன்ல ஒரு க்ளிக் போதாதா?" என்பது என் மனைவியின் கேள்வி. போட்டோ ஒரு நிமிஷத்தைப் பிடிக்கும். படத்தில் மொட்டு, பூ, காய், பழம் எல்லாவற்றையும் ஒரே தாளில் வைக்கலாம். அதற்காகச் செடி பூக்கும்வரை, காய்க்கும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அங்கேதான் ஆச்சி இன்னொரு குட்டு வைத்தார்.

"தேதி எங்க வாத்தியாரே? தேதி இல்லாத கணக்கு ஒரு கணக்கா?"

கணக்குக்குப் பேர்போன சீமையில் இப்படிக் கேட்காமல் எப்படி? ஜப்பானில் கியோட்டோ நகரத்துப் பிரபுக்களும் துறவிகளும் செர்ரிப் பூ பார்க்கப் போன தேதியை ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து டைரியில் எழுதிவைத்தார்கள். அவர்களுக்கு அது விருந்துக் கணக்கு. இன்றைய விஞ்ஞானிகளுக்கு அது வெப்பக் கணக்கு. 2021-ல் மார்ச் 26-ம் தேதியே மலர்ந்துவிட்டது; அதற்கு முந்தைய 1200 வருஷத்தில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததே இல்லையாம். நம் நாட்டிலும் 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்தில் ஆர்வலர்கள் வாரம் ஒரு தடவை ஒரே மரத்தைப் பார்த்து இலை, பூ, காய் விவரம் பதிகிறார்கள்.

நானும் தேதி போட ஆரம்பித்தேன். காரையோடு, கொல்லை வேம்புக்கும் ஒரு நோட்டு. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு மரத்திலிருந்து பூ உதிர்த்த காலம் ஆச்சிக்கு நினைவிருக்கிறது. என் நோட்டில் ஒரு வருஷம் மாசியிலேயே பூ. பச்சடிக்கு டப்பாவிலிருந்த காய்ந்த பூதான். அடுத்த வருஷம் சரியாக வந்தது. நாலு வருஷக் கணக்கை வைத்துக்கொண்டு உலகம் சூடாகிவிட்டது என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. நாற்பது வருஷம் வேண்டும். எனக்கு வயது 71. நோட்டைப் பேத்தி பெயரில் எழுதிவைத்திருக்கிறேன்!

காரைத் தாளில் மொட்டும் பூவும் முடிந்துவிட்டன. வலது மூலையைப் பழத்துக்காகக் காலியாக விட்டிருந்தேன். பச்சைக் காய் வரை பார்த்தாயிற்று. பத்து நாள் காய்ச்சலில் படுத்து எழுந்து போனால் கண்மாய்க் கரையே வழுக்கைத் தலையாக இருந்தது. ஜேசிபி வைத்துச் சீமைக்கருவேலை எடுத்திருந்தார்கள். எடுக்க வேண்டியதுதான், நானே மனு போட்டவன்! காரையையும் கருவேலையும் பிரித்துப் பார்க்க மெஷினுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நாற்காலியை விரித்து உட்கார்ந்தேன். வரைய ஒன்றும் இல்லை. வெறுமனே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

"பழம் இம்மாம் பெருசு, மஞ்சளா இருக்கும். போட்டுடுங்களேன்" என்றார் ஆச்சி, சுண்டுவிரல் நுனியைக் காட்டி.

பார்க்காததை எப்படிப் போடுவது? அப்புறம் நானும் உருண்டைக்குத் தெர்மாமீட்டர் வைத்த கதைதான். மூலை காலியாகவே கிடக்கிறது.

போன வாரம் ஆடு மேய்க்கிறவர் ஒரு தகவல் கொண்டுவந்தார். பக்கத்து ஊர்க் கோயில் காட்டில் காரை இருக்கிறதாம், இப்போது காயும் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை நானும் பேத்தியும் பஸ்ஸில் போகிறோம். விஷயம் தெரிந்த ஆச்சி, காலையிலேயே கையில் ஒயர் கூடையோடு வந்து நின்றார்.

"நானும் வர்றேன் வாத்தியாரே. நீங்க படம் போடுங்க. பழம் இருந்தா நான் பறிக்கிறேன்."