பில்லியன் என்னும் சொல்

2022ஆம் ஆண்டு மே மாதம். மண்ணெண்ணெய்க்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற காலம். வகுப்பிலே செய்யுட் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். கடற்றொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து, "சேர், பில்லியன் எண்டா எவ்வளவு?" என்று வினவினான்.

அதற்கு முந்திய மாதம் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அரசு அறிவித்திருந்தது. கடன் ஏறக்குறைய 51 பில்லியன் டொலர் என்று பத்திரிகைகள் எழுதின. வரிசையில் நின்ற தகப்பனுக்கு அச்செய்தியை வாசித்துக் காட்டியவன் இம்மாணவன்.

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்ற நாம், நூலகத்திலிருந்த பழைய அகராதியைப் புரட்டி, "மில்லியன் மில்லியன், அஃதாவது இலட்சம் கோடி" என்று விடையிறுத்தோம். மறுநாள் அவன் கணக்குக் கொப்பியுடன் வந்தான். "சேர், தலைக்கு இருபத்துமூண்டு லட்சம் டொலர் வருகுது. பிழையோ?"

பிழைதான். ஆனால் பிழை அவனுடையதன்று, எம்முடையது.

1484இல் நிக்கோலா சுக்கே என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் தமது நூலில் இச்சொல்லை மில்லியன் மில்லியன் என்ற பொருளிலேயே வழங்கினார். பிற்காலத்தில் பிரான்சிலே அது ஆயிரம் மில்லியன் என்று சுருங்கிற்று. அமெரிக்கா அவ்வழக்கைக் கைக்கொண்டது. பிரித்தானியாவோ பழைய பொருளையே போற்றி வந்தது. ஈற்றில் 1974 டிசம்பரில், பிரதமர் ஹரல்ட் வில்சன், தமது அரசாங்கம் அச்சொல்லை ஆயிரம் மில்லியன் என்ற பொருளிலேயே ஆளும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பிரான்சோ 1961இல் பழைய அளவுக்கே மீண்டுவிட்டது. ஒரே சொல், ஆங்கிலத்தில் ஓரளவு. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அதன் ஆயிரம் மடங்கு. எமது அகராதி 1974க்கு முற்பட்டது, வினா 2022க்குரியது.

பெரிய எண்கள் மனிதனை மலைக்க வைப்பன. மில்லியன் விநாடிகள் பதினொன்றரை நாட்களில் கழிந்துவிடும். இன்றைய ஆங்கில வழக்கிலுள்ள பில்லியன் விநாடிகள் கழிய ஏறக்குறைய 32 ஆண்டுகள் வேண்டும். எழுத்திலோ முதலெழுத்து மட்டுமே வேறுபாடு! அவ்வெழுத்துக்குள்ளே ஒரு தலைமுறை மறைந்து கிடக்கிறது.

கடனைச் சுமப்பவன் அதன் அளவை அறியலாகாதா? பில்லியன் என்பது நூறு கோடி. கோடி என்ற சொல் எமது மீனவருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் புதியதன்று. 51 பில்லியன் என்று எழுதுமிடத்தில் 5,100 கோடி என்று எழுதினால், வரிசையில் நிற்பவன் தானே வகுத்துப் பார்ப்பான். பத்திரிகையாளரிடமும் பாடநூல் ஆக்குவோரிடமும் நாம் வேண்டுவது இவ்வளவே.

மூன்றாம் நாள் கணக்கைத் திருத்திக் கரும்பலகையில் எழுதினோம். 5,100 கோடியை இரண்டு கோடி இருபது இலட்சம் மக்களுக்குப் பகிர்ந்தபோது, தலைக்கு ஏறத்தாழ 2,300 டொலர் வந்தது. டொலருக்கு 300 ரூபா என்று கொண்டால், ஏழு இலட்சம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. வகுப்பு அமைதியாயிற்று. பின்னர் அம்மாணவனே மீண்டும் எழுந்தான்.

"சேர், இதை ஆர் வாங்கினது?"

சொல்லின் பொருள் தெளிந்ததும் பிறந்த வினா அது. அது தமிழ்ப் பாடத்துக்குப் புறம்பானதென்று நாம் கருதவில்லை.