எந்தக் காற்றுக்குப் போவது?

நோர்வேயில் கோடை விடுமுறை நாட்களைக் குளிர்காலம் முடியுமுன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வேலைத்தலத்தில் அந்தத் தாள் சுற்றி வரும்போது நாங்கள் அதிகம் யோசிப்பதில்லை; ஊரோடு ஒத்து யூலைக் கடைசி மூன்று கிழமைக்குப் புள்ளடி போட்டுவிடுவோம். 2016இல் அப்படிச் செய்ய முடியவில்லை. கூட வேலைசெய்யும் நோர்வேஜியர் ஒருவர் தன் ஒன்பது மீற்றர் பாய்ப்படகில், தென்கரையோரமாகக் கிறிஸ்தியான்சாண்டிலிருந்து அரெண்டால் வரை, நான்கு நாட்கள் எங்களைக் கூட்டிப்போவதாகச் சொன்னார். "எப்போது என்பதை நீங்களே சொல்லுங்கள்" என்றார். மரியாதைக்குத்தான் சொன்னார். எங்களுக்கு அது தலையிடியாகிவிட்டது.

கடலுக்குக் காலம் பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. ஐயா பேசாலையில் தொழில் செய்தவர். சோளகத்துக்கு வடகடல், வாடைக்குத் தென்கடல் என்று மன்னார்த் தீவின் இரண்டு பக்கமும் மாறிமாறிப் பிழைத்தவர். ஆனால் அது மீனுக்குப் பார்த்த காலம். உல்லாசத்துக்குக் காலம் பார்க்கும் பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே இல்லை.

நண்பர் ஒவ்வொரு மாதத்தின் குணத்தையும் விளக்கினார். மே மாதத்தில் வெளிச்சம் உண்டு, ஆனால் தண்ணீரில் கால் வைக்க முடியாது. யூலையில் எல்லோருக்கும் விடுமுறை. துறைகளில் இடமில்லாமல் படகோடு படகை அணைத்துக் கட்டுவார்கள், கரைக்கு இறங்குவதற்கு நாலு பேருடைய தளத்தால் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு நடக்க வேண்டும். (எங்கள் சனத்துக்கு அது பெரிய குறையில்லை என்று நினைத்துக்கொண்டோம்.) ஓகஸ்டில் தண்ணீர் இதமாயிருக்கும், துறைகளும் வெறிச்சோடும், ஆனால் மாத நடுவில் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும், மேற்கிலிருந்து தாழமுக்கங்களும் அடிக்கடி வரத்தொடங்கும். செப்ரெம்பரைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்றார்.

எங்களைப் பிடித்து நிறுத்தியது அவர் சொன்ன ஒரு காற்றின் பெயர். சூல்கங்ஸ்பிரிஸ். சூரியன் போகும் வழியே போகும் காற்று என்று பொருள். நல்ல வெயில் நாளில் காலைக் கடல் அசையாமல் கிடக்கும். தரை சூடேற, மதியமளவில் கடலிலிருந்து காற்று எழும்பும். நேரம் போகப்போக அது சூரியனைப் பின்தொடர்ந்து தெற்கிலிருந்து தென்மேற்குக்குத் திரும்பி, பின்னேரம் உரத்து, பொழுதுபட அடங்கிவிடும். மே, யூன் மாதங்களில் தரை சூடு, கடல் இன்னும் குளிர். இந்த வித்தியாசம்தான் அந்தக் காற்றுக்குத் தீனி. கடலும் சூடேறிய பிறகு அதற்கு அந்த வேகம் வராது. கிறிஸ்தியான்சாண்டிலிருந்து அரெண்டாலுக்குப் போவது வடகிழக்காக. ஆகவே பின்னேரக் காற்று முதுகில் பிடித்துத் தள்ளும். கரையோர நீரோட்டம்தான் எதிர்ப்பக்கமாக, தென்மேற்கே ஓடும். காற்றும் ஓட்டமும் முட்டிக்கொள்ளும் இடத்தில் அலை குட்டைகுட்டையாகக் குத்தும்.

வீட்டுக்கு வந்து ஐயாவிடம் சொன்னோம். தென்மேற்குக் காற்று, பெயரும் சூல்கங்! "அட, எங்கட சோளகமெல்லோ" என்று சிரித்தார். ஒலிப் பொருத்தம் தற்செயலானதுதான். ஆனாலும் ஒரு நோர்வேஜியச் சொல்லுக்கு அவர் அப்படிச் சிரித்து நாங்கள் கண்டதில்லை. யூன் கடைசிக் கிழமை என்று முடிவுசெய்தோம்.

"பிறை என்ன?" என்று கேட்டார்.

தேய்பிறை என்றோம். முகம் மாறியது. தான் வரவில்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

1990 யூலையில் பிறை பார்த்துத்தான் நாங்கள் பேசாலையை விட்டோம். அந்த மாதம் 22ஆம் திகதி அமாவாசை. அதையொட்டிய ஓர் இரவு. சோளகம் உரத்து நிற்கும் காலம். வடகடலில் அந்தக் காற்று தரையிலிருந்து அடிப்பதால் கரையில் தண்ணீர் குளம்போல இருக்கும். ஏமாற்று. வெளியே போகப்போக எழும்பும். தொழிலுக்கென்றால் ஐயா அந்தக் காற்றில் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார். ஆனால் அன்று காற்றைப் பார்த்து நாள் குறிக்கவில்லை, கடற்படையின் கண்ணுக்குத் தப்ப இருட்டைப் பார்த்துக் குறித்தோம். ஒரு படகில் பதினேழு பேர். விளக்கில்லை, பேச்சில்லை. குழந்தைகளின் வாயைப் பொத்தியிருந்தோம். பதினேழு பேரும் இராமேஸ்வரத்துக் கரையில் இறங்கினோம். மண்டப முகாமில் பதிந்தார்கள். அதன் பிறகு ஐயா படகு எதிலும் ஏறவில்லை. கடலைப் பற்றிக் கேட்டால் காற்றுகளின் பெயரை மட்டும் சொல்லுவார்.

இரண்டு நாள் கழித்து அவரே வந்து கேட்டார். "அங்கை இருட்டு எத்தனை மணிக்கு விழும்?"

விழாது என்றோம். யூன் கடைசியில் அந்தக் கரையில் சூரியன் பத்தரை மணிபோல மறைந்தாலும் முழு இருட்டு வருவதில்லை. வடக்கு வானம் விடியும்வரை வெளுத்தே கிடக்கும். அதைப் பிறகும் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, "அப்ப வாறன்" என்றார்.

முதல் நாள் பிளிண்ட்லைய்யா வழியாகப் போனோம். தீவுகள் வெளிக்கடலை மறைத்து நிற்க, உள்ளே ஒழுங்கைபோல வளைந்து ஓடும் நீர்வழி அது. அடுத்து லில்லசாண்ட், பிறகு கிரிம்ஸ்ராட். இப்சன் இளம்வயதில் மருந்துக்கடையில் வேலை பழகிய ஊர். அந்தக் கரையிலிருந்து ஒருவன் ஆங்கிலேயக் கடற்படை வழிமறித்து நின்ற 1809இல் பசித்த குடும்பத்துக்கு வாற்கோதுமை வாங்க டென்மார்க்குக்குத் துடுப்புப் போட்டுப் போய்ப் பிடிபட்டதை, அவர் 1862இல் வெளிவந்த 'தெரியெ வீகன்' என்ற நெடுங்கவிதையில் எழுதியிருக்கிறார். நண்பர் கதையைச் சொல்ல, நாங்கள் ஐயாவுக்குத் தமிழில் சொன்னோம். "வளர்பிறையிலை போனவனோ?" என்று மட்டும் கேட்டார்.

எட்டு மீற்றருக்குக் குறைந்த படகு ஓடும்போது உயிர்காப்பு அங்கி போட வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். எங்கள் படகு அதைவிட நீளம். ஆனால் ஐயா கிறிஸ்தியான்சாண்டில், படகில் ஏறுமுன்பே, கரையில் நின்று போட்டுக்கொண்டார். முதலிரவு பிளிண்ட்லைய்யாவில் ஒரு பாறையோரம் படகைக் கட்டியிருந்தோம். பதினொன்றரை மணி, பேப்பர் வாசிக்கலாம் போல வெளிச்சம். இனிக் கழற்றலாம் என்று நண்பர் சைகை காட்டினார். ஐயா தலையாட்டினார், கழற்றவில்லை. விரலை நனைத்து உயர்த்திப் பிடித்துப் பார்த்தார்.

"சோளகம் படுத்திட்டுது" என்றார்.

காலையிலும் அதைப் போட்டுக்கொண்டே தளத்தில் இருந்து தேநீர் குடித்தார்.