வெடிப்பில் இறங்கும் சக்கரம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை முள் எடுப்பது. வண்டியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு நாலு டயரையும் விரலால் தடவிப் பார்ப்பேன். சீமைக்கருவேல முள் ரப்பருக்குள் ஒடிந்து நிற்கும். அடிக்கட்டை மட்டும் விரலில் நெருடும். நோஸ் பிளையரில் பிடித்து நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் பாதி உள்ளேயே தங்கி, ஃபோமைக் கிழித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் ஓட்டத்துக்குப் பதினைந்து இருபது முள் வரும். பஞ்சர் மட்டும் ஆகாது. இந்த டயருக்குள் காற்றே கிடையாது. ஆடு மேய்க்கிற பையன்கள் இதை நம்ப ரொம்ப நாளானது. ஒட்டுப் போடாத டியூபை அவர்கள் பார்த்ததில்லை.

இது ராக் கிராலர். ரிமோட்டில் ஓடுகிற ஜீப். நிஜ ஜீப்பில் பத்தில் ஒரு பங்கு. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 313 மில்லிமீட்டர். டயர் 120 மில்லி உயரம், 45 மில்லி அகலம். அருப்புக்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தறிச் சாமான், போர்வெல் மோட்டார் ஷாஃப்ட், டிராக்டர் புஷ் என்று பகலெல்லாம் கடைசல் வேலை. ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இந்த வண்டி. ஐந்து வருஷமாக ஒரே வண்டியைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். முதலில் போட்ட சாமானில் இன்று மிச்சம் இருப்பது சட்டத்தின் இரண்டு பட்டைகள் மட்டும்.

யார் பார்த்தாலும் முதல் கேள்வி, "எம்புட்டு வேகம் போகும்?" நாம் நடக்கிற வேகம்தான். உள்ளே இருப்பது 35 சுற்று கம்பி சுற்றிய 540 மோட்டார். நிமிஷத்துக்குச் சுமார் 12,000 சுற்று சுற்றும். அதைப் பல்சக்கரங்களில் நாற்பதுக்கு ஒன்றாகக் குறைத்தால் சக்கரத்தில் கிடைப்பது 300 சுற்று; மணிக்கு ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வேகத்தை விற்றுத்தான் இழுவையை வாங்குகிறோம். கல்லின் விளிம்பில் டயரின் ஒரே ஒரு கட்டை பிடித்திருக்கும்போது, அந்தப் பிடி வழுக்காதபடி விரல் நுனியால் அரை அங்குலம் நகர்த்த இந்த மெதுவு வேண்டும்.

இந்த வகை வண்டி கம்பெனிக்காரர்கள் யோசித்து விட்டதில்லை. ஜப்பானின் டாமியா 1987-இல் கொண்டுவந்த கிளாட் பஸ்டர் என்ற பெரிய சக்கர வண்டியின் ஆக்சில்களைக் கழற்றி, அமெரிக்காவில் ஆர்வக்காரர்கள் தாங்களே சட்டம் அடித்துப் பாறை ஏற்றினார்கள். ஆக்சியல் கம்பெனி எஸ்சிஎக்ஸ்10 என்ற கிராலரை 2009-இல்தான் கொண்டுவந்தது. அதனால் கையால் கட்டுவதை நான் குறுக்கு வழியாக நினைக்கவில்லை. அதுதான் இதன் பழைய வழி. 2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ் ஆப்பை நம் அரசு தடை செய்ததும் சில்லறைச் சாமான் வரத்து நின்றது. ஆக்சிலைச் சட்டத்தோடு இணைக்கிற லிங்க் ராடுகளை நான் எஸ்.எஸ். கம்பியில் கடைந்து, முனையில் மூன்று மில்லி மரை போடக் கற்றுக்கொண்டது அப்போதுதான். கடையில் வருவது அலுமினியம். எஃகு கனம். அந்தக் கனம் வண்டியின் அடிவயிற்றில் உட்கார்ந்ததால் ஏறும் திறன் கூடியது.

கனம் எங்கே இருக்கிறது என்பதுதான் கிராலரில் பாதி வேலை. முதலில் எண்ணெய் டின் தகரத்தை வெட்டி, மஹிந்திரா எம்எம்540 ஜீப் மாதிரி பாடி அடித்தேன். விருதுநகர்ப் பக்கம் எண்ணெய் டின்னுக்குப் பஞ்சமில்லை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கண்மாய்க் கரையில் ஏற்றினால் பாதியிலேயே மல்லாந்தது. சிநேகிதர் ஒருவரின் பூக்கடைத் தராசில் முன் சக்கரங்களை வைத்து, பின் சக்கரங்களை அதே உயரப் பலகையில் நிறுத்தி எடை பார்த்தோம். முன்னால் 1,380 கிராம், பின்னால் 1,260. ஏறும்போது முன் எடை பின்னால் நழுவும் என்பதால் இந்த முன் எடை போதாது. பிறகு பித்தளையில் இரண்டு வளையம் கடைந்தேன்: வெளி விட்டம் 40 மில்லி, உள் விட்டம் 24, கனம் 13. ஒன்று 90 கிராம் வந்தது. அவற்றை முன் சக்கரங்களுக்குள்ளேயே வைத்து, பேட்டரியை முன் ஆக்சில் மேலே தள்ளினேன். அதே தராசில் 1,690, 1,130. ரோட்டில் ஓடுகிற வண்டிக்குச் சக்கரத்தில் கனம் சேர்ப்பது பாவம். ஸ்பிரிங்குக்குக் கீழே எடை கூடினால் குலுக்கல் கூடும். நடை வேகத்தில் குலுக்கல் ஒரு பொருட்டில்லை. மல்லாந்து விழுந்த அதே இடத்தில் மறுநாள் காலை வண்டி ஒரே மூச்சில் ஏறியது. தகரத்தில் இப்போது பானெட் மட்டும் இருக்கிறது.

அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். கண்மாய்க் கரையின் தண்ணீர்ப் பக்கத்தில், அலை மோதி மண் கரையாமல் இருக்க வரிசையாகக் கல் பதித்திருப்பார்கள். அலைகல் என்போம். ஒரு அடிக் கல் இந்த வண்டிக்குப் பத்தடிப் பாறை. எங்கள் கண்மாயில் மூன்றாவது வரிசையில், கலுங்கிலிருந்து இருபது எட்டு தள்ளி ஒரு கல் உண்டு. அதில் ஏறும்போதெல்லாம் முன் வலது சக்கரம் மட்டும் மேலே தூக்கும். மற்ற கற்களில் இது தெரியாது. அதில் தவறாமல் தூக்கும். ஸ்பிரிங்கை மாற்றினேன். லிங்க் நீளத்தை மாற்றினேன். வலது டயரை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றினேன். மூன்று வாரம் போனது. அந்தக் கல்லைப் படம் பிடித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன்.

ஒரு நாள் பகலில், போர்வெல்லில் இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டாரை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஸ்விட்சைப் போட்டதும் குழாய் ஒரு தரம் முறுக்கிக்கொண்டு நின்றது. மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் அதைப் பிடித்திருப்பது எதிர்ப்பக்கம் முறுக்கும். ஆயிரம் தடவை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் அந்தக் கல் ஞாபகம் வந்தது. ராத்திரி வண்டியின் முன் சக்கரங்களைச் சுவரில் முட்டவைத்து ரிமோட் விசையை மெல்ல அழுத்தினேன். ஒரு ஆள் தோளைச் சாய்ப்பதுபோல வண்டியின் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ரிவர்ஸில் அழுத்தினால் மறுபக்கம். கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட், சக்கரத்தைச் சுற்றுவதோடு சட்டத்தையும் முறுக்கிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் கல்லைக் குற்றம் சொன்னேன். கல் செய்ததெல்லாம் அதைக் காட்டியதுதான்.

ஒரு பக்க ஸ்பிரிங்கை இறுக்கினால் சமாளிக்கலாம். நானும் அப்படித்தான் கொஞ்ச நாள் ஓட்டினேன். ஆனால் முறுக்கு அப்படியேதான் இருந்தது. அதை மறைத்துத்தான் வைத்திருந்தேன். ஷாஃப்ட்டில் போகும் முறுக்கையே குறைப்பதுதான் சரியான வழி. கியர்பாக்ஸில் வேகத்தைக் கொஞ்சமாகக் குறைத்து, மிச்சக் குறைப்பைச் சக்கரத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் வேகமாகவும் லேசாகவும் சுற்றும். போர்ட்டல் ஆக்சில் என்பது இதுதான். ஜெர்மனியின் உனிமோக் லாரியில் இருக்கிறது. சின்ன வண்டியில் டிராக்சாஸ் கம்பெனி 2017-இல் டிஆர்எக்ஸ்-4 வண்டியில் கொடுத்தது. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் இரண்டு பல்சக்கரம் உள்ள சின்னப் பெட்டி. ஆக்சிலின் நடு உருண்டையும் தரையிலிருந்து உயர்ந்துவிடும். ஒரு ஜோடி ஆக்சில் வாங்க ஆறு மாதம் காசு சேர்த்தேன். மொத்தக் குறைப்பு அதே நாற்பதுக்கு ஒன்றுதான். குறைக்கிற இடம் மட்டும் மாறியது. மூன்றாவது வரிசைக் கல்லில் நாலு சக்கரமும் படிந்து ஏறியதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு மேற்கொண்டு ஓட்ட மனசு வராமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தப்புகள் நிறைய. ஷாக் அப்சர்பரில் சிலிக்கான் ஆயிலுக்குப் பதில் கையில் இருந்த பைக் ஃபோர்க் ஆயிலை ஊற்றினேன். உள்ளே சிலிக்கான் ரப்பர் வளையங்கள் ஊதிப் பிடித்துக்கொண்டன. சித்திரை வெயிலில் லித்தியம் பேட்டரியைப் பைக் பெட்டிக்குள் மறந்துவிட்டேன். தலையணை மாதிரி உப்பிவிட்டது. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் ஏற்றக் கூடாது, தீப்பிடிக்கும். இப்போது பூ அனுப்புகிற தெர்மாகோல் பெட்டியில் வைத்துத்தான் எடுத்துப் போகிறேன். ஓட்டாத வாரங்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்திவைக்கிறேன், முழுசாக 4.2 வரை ஏற்றி வைத்தால் சீக்கிரம் கெடும்.

இதையெல்லாம்விடப் பெரிய பாடம் தரையில் கிடைத்தது. இந்த டயர்களின் மாதிரியெல்லாம் யூட்டாவின் மோவாப், கலிபோர்னியாவின் ரூபிகான் பாதை என்று வேறு தேசத்துப் பாறைகளை நினைத்து வார்த்தவை. மோவாபில் மணற்பாறை உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. நமக்குத் தூத்துக்குடி ரோட்டில் பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல். மேலே மாவு மாதிரித் தூசி படிந்திருக்கும், பத்தடி ஓடினாலே டயருக்குப் பவுடர் பூசிவிடும். வெங்கச்சங்கல் கண்ணாடி மாதிரி வழுக்கும். ரமணர் பிறந்த ஊராக வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த திருச்சுழியில், குண்டாறு வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். அங்கே நின்ற இடத்தில் சக்கரத்தைச் சுற்றினால் புதையும். இவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். கரிசல்தான் இன்னும் பிடி கொடுக்கவில்லை.

கரிசல் ஒரே மண்ணாக இருந்து இரண்டு வேலை செய்யும். ஐப்பசி மழையில் உப்பி, களியாகி, டயரின் பள்ளங்களையெல்லாம் அடைத்துச் சக்கரத்தை உருண்டையாக்கிவிடும். அப்படி ஓட்டித்தான் ஒரு மோட்டாரைக் கருக்கினேன். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வண்டி வெடிப்பைக் குறுக்கே தாண்டினால் ஒன்றுமில்லை. 55 மில்லி வெடிப்பில் என் சக்கரம் ஏழு மில்லிகூட இறங்காது. வெடிப்பின் வாக்கில் போனால் 45 மில்லி அகல டயர் ஆக்சில் வரை உள்ளே போய்விடும். ஆகவே ஒவ்வொரு வெடிப்பையும் நேர் குறுக்காக வெட்ட வேண்டும். கண்மாய்க்குள் வெடிப்புகள் தேன்கூடு மாதிரி. ஒரு அடி, ஒன்றரை அடிக்கு ஒரு முக்கு. ஒவ்வொரு முக்கிலும் வண்டி திரும்ப வேண்டும். என் வண்டி திரும்பாது.

காரணம், நான் பெருமையாகச் செய்த ஒரு வேலை. சாதாரண வண்டியின் டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதற்கே சுற்றலைத் தள்ளிவிடும். ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் அது வெறுமனே சுற்ற, தரையில் உள்ளது சும்மா இருக்கும். பாறை ஏற அது உதவாது. அதனால் முன்னும் பின்னும் டிஃபரன்ஷியலை எடுத்துவிட்டு, இரண்டு சக்கரத்தையும் ஒரே உருளையில் பூட்டிக் கடைந்து போட்டிருந்தேன். கல்லில் அருமையாக ஏறும். சமதரையில் திரும்பும்போது உள்சக்கரம் இழுபடும். மூன்று அடி இடம் கேட்கும்.

போன மாசி மாதம் கண்மாய் வற்றிக் கிடந்தபோது, வண்டி வெடிப்பில் மாட்டி நான் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தேன். பட்டறைக்கு டிராக்டர் புஷ் மாற்ற வருகிற அண்ணாச்சி ஒருவர் கரையில் நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்தார்.

"ஏந் தம்பி, லாக்கு போட்டே வச்சிருக்கியா?"

"ஆமாண்ணாச்சி. முன்னாடி பின்னாடி ரெண்டுலயும்."

"லாக்குப் பெடல மிதிச்ச காலை எடுக்காம வரப்புல திருப்புனா டிராக்டரு திரும்புமா? மண்ணைப் பறிச்சுக்கிட்டு நேராத்தான் போகும். சேறு தாண்டுனதும் காலை எடுத்துறணும்ல."

அந்தப் பெடலின் புஷ்ஷை எத்தனை டிராக்டருக்கு நானே கடைந்திருக்கிறேன். அது காலை எடுத்தால் தானாகத் திரும்புகிற பெடல் என்பது என் கைக்குத் தெரியும். என் வண்டிக்கு அதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

இப்போது பின் ஆக்சிலில் டிஃபரன்ஷியலைத் திரும்பப் போட்டுவிட்டேன். பக்கத்தில் நாலு பல் வைத்த ஒரு காலர். சின்ன சர்வோ ஒன்று கேபிளால் அதை மூன்று மில்லி இழுத்தால் பல் கோத்துப் பூட்டிக்கொள்ளும். விட்டால் தறியின் பழைய ஸ்பிரிங் ஒன்றை வெட்டி வைத்தது அதைத் திருப்பித் தள்ளும். ரிமோட்டின் மூன்றாவது சேனலில் பூட்டும் திறப்பும். பெஞ்சில் பத்துக்குப் பத்தும் சரியாக விழுகிறது. பாரம் ஏறி நிற்கும்போது மட்டும் பல் பல்லைப் பிடித்துக்கொண்டு திறக்க மறுக்கிறது. பல்லின் பக்கவாட்டை இரண்டு மூன்று டிகிரி சரித்து ராவிப் பார்க்க வேண்டும்.

நேற்று காலை வெர்னியரை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினேன். போன வாரம் வரை ஈரமிருந்த மடைப் பக்கம் இப்போதுதான் வெடிப்பு விடத் தொடங்கியிருக்கிறது. ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் கூடவே வந்து, நான் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினான். 18, 26, 41, 37, 52. கலுங்குப் பக்கம் 63. முக்குக்கு முக்கு இடைவெளியை அவனே சாணால் அளந்து எழுதிக்கொண்டான். "மாமா, இதுல எதுல முதல்ல விடப் போறீக?" என்றான். 41 என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.