அரை புல்லட், முக்கால் வண்டி

ராஜ்கோட்டில் அலாரம் கடிகாரம் வாங்குவது தண்டச் செலவு. விடிகாலை ஐந்து மணிக்கே தெருவில் 'டப டப டப' என்று ஆரம்பித்துவிடும். ஜன்னலைத் திறந்து பார்த்தால், முன்பாதி புல்லட் மோட்டார் சைக்கிள். பின்பாதி மாட்டு வண்டி! யாரோ இரண்டுக்கும் ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணி வைத்த மாதிரி மூன்று சக்கரத்தில் ஒரு ஜந்து. பெயர் சக்டோ.

2012 டிசம்பரில் ஒரு வேலையாக ஜஸ்தன் பக்கம் போயிருந்தேன். ராஜ்கோட்டிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். அதுவரை பஸ். அப்புறம் கிராமத்துக்கு சக்டோதான் கதி. பருத்தி மூட்டைகள், இரண்டு பால் கேன், ஓர் ஆட்டுக்குட்டி, பதினான்கு பேர். பதினைந்தாவதாக நான். "அட்ஜஸ்ட் கரோ பாய்" என்று டிரைவர் சொன்னதும், ஆட்டுக்குட்டி உட்பட எல்லோரும் அரை அங்குலம் நகர்ந்தார்கள்.

முன்பாதியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை. புல்லட் நம்ம ஊர் சரக்கு சார்! 1955-ல் சென்னையில் ஆரம்பித்த என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் தொழிற்சாலை. என்றைக்கோ சௌராஷ்டிரத்திலிருந்து கிளம்பி மதுரையில் குடியேறியவர்கள் நமக்குப் பட்டு நெய்து கொடுத்தார்கள். பதில் மொய்யாக நாம் புல்லட் அனுப்பிவிட்டோம். இவர்கள் என்ன செய்தார்கள்? பெட்ரோல் குடிக்கிற இன்ஜினைக் கழற்றிவிட்டு, ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பொருத்தினார்கள். ராஜ்கோட்டில் டீசல் இன்ஜின் பட்டறைகளுக்கா பஞ்சம்?

பக்கத்து அம்ரேலி மாவட்டத்தில் மன்சுக்பாய் ஜகானி என்ற விவசாயி இன்னும் ஒரு படி மேலே போனார். 1994-ல் மழை பொய்த்து, உழவு மாட்டுக்குத் திண்டாட்டம் வந்தபோது, புல்லட்டின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு சக்கரமும் உழுகிற கருவியும் மாட்டினார். 'புல்லட் சாந்தி' என்று பெயர். அதற்கு நம் நாட்டில் மட்டுமல்ல, அமெரிக்காவிலும் காப்புரிமை வாங்கினார்.

நான் இறங்கிய கிராமத்தில் ஒரு மிஸ்திரி. வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். வாசலில் பாதி முடிந்த ஒரு வண்டி. சக்டோ மாதிரி இருந்தது, ஆனால் நாலு பக்கமும் அடைத்த பெட்டி, கதவு, ஜன்னல்!

"இது என்ன பாய், காரா?"

"மோட்டாபாய்க்கு" என்றார். அதாவது அண்ணனுக்கு.

அண்ணன் உள்ளே கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கவாதம் வந்து ஆறு வருஷம். திறந்த சக்டோவில் உட்கார்ந்தால் ஒரு குலுக்கலில் கீழே விழுந்துவிடுவார். மார்கழிக் குளிர்காற்று வேறு. ஆறு வருஷமாகச் சொந்த நிலத்தைக் கண்ணால் பார்க்கவில்லையாம்.

கட்டியா, பொரித்த பச்சை மிளகாய், சாஸரில் ஊற்றிய டீ சகிதம் எனக்குப் பாடம் நடந்தது. பழைய புல்லட்டின் பின்பகுதியை அறுத்து, அங்கே இரும்பு சேனலில் சேஸிஸ். பட்டை ஸ்பிரிங் மேல் பழைய ஆட்டோவின் பின் ஆக்ஸில், டிஃபரன்ஷியலோடு. அது இல்லாவிட்டால் வளைவில் இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றி, டயர் தேயும். வண்டியும் சொன்ன பேச்சுக் கேட்காது. கியர் பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்குச் செயின்.

"ரிவர்ஸ்?"

"தள்ளணும்!"

மூன்று கால் முக்காலி மேடு பள்ளத்திலும் ஆடாது. ஆனால் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள், கவிழ்த்துவிடும். இந்த வண்டியும் அதே ஜாதி. வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக் போட்டால் பாரமெல்லாம் முன்பக்க மூலைக்கு ஓடும். அங்கே சக்கரமே கிடையாது! அதனால் கூரைக்குத் தகரம் வேண்டாமென்று கான்வாஸ் போட்டிருந்தார். அண்ணனின் ஸீட்டை முடிந்தவரை தாழ்த்தி, பின் ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பெட்டியை அடைத்தால் இன்ஜின் சூடும் புகையும் உள்ளே சுற்றுமே? நடுவில் ஒரு தடுப்பு, சைலன்ஸரை நீட்டிப் பின்னால் கொண்டுபோய் விட்டிருந்தார். இரண்டு பக்கமும் கதவு எதற்கு என்று கேட்டேன். "எந்தப் பக்கம் கவிழும்னு முன்கூட்டியே தெரியாதே!" என்றார், சிரிக்காமல்.

அண்ணனுக்கு ஓர் ஆசை. வயலுக்குப் போனால் மட்டும் போதாது, ஜஸ்தன் மார்க்கெட்டில் பருத்தி ஏலம் விடுவதையும் பார்க்கணும். அதற்கு மட்டும் தம்பி பிடிகொடுக்கவில்லை. கம்பெனி சக்டோவுக்கு நம்பர் பிளேட் உண்டு. இதற்குக் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இப்படி வெட்டி ஒட்டுவதை ஒத்துக்கொள்ளாது. நம்பர் இல்லையென்றால் இன்ஸூரன்ஸ் இல்லை. "எவன் பிள்ளை மேலயாவது ஏத்திட்டா, நான் எங்கே போய்ப் பணம் கொடுப்பேன்?" என்றார். (அடுத்த வருஷமே, 2013 மே மாதம், ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டும் இதையேதான் சொன்னது: 'ஜுகாட்' வண்டிகளும் மோட்டார் வாகனங்களே, பதிவும் இன்ஸூரன்ஸும் இல்லாமல் ரோட்டில் ஓடக்கூடாது.) என்னைக் கேட்டால் தம்பி சொன்னதுதான் நியாயம். ஆனால் அதை அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

மூன்றாம் நாள் வெள்ளோட்டம். நாலு பேர் தூக்கி உட்கார வைத்தோம். இடுப்பில் பெல்ட். பின்னால் தள்ளுவதற்கு ஆள் வேண்டுமே என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். தெருக் குழந்தைகள் கத்திக்கொண்டே கூட ஓடிவந்தன.

ஊர் எல்லையில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் தார் ரோடு, ஜஸ்தன். வலது பக்கம் வண்டித்தடம், வயல். அண்ணன் நன்றாக இருந்த கையால் தடுப்பைத் தட்டி, குழறலாக, "டாபி... டாபி..." என்றார். குஜராத்தியில் இடது பக்கம் என்று அர்த்தம்.

தம்பி, இன்ஜின் சத்தத்தில் காது கேட்காத மாதிரி, வலது பக்கம் திருப்பினார்.

பருத்திக்காடு வெள்ளையாக வெடித்துக் கிடந்தது. அண்ணன் ஜன்னலை இறக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வேலியைச் சரியாக் கட்டலியேடா!" என்று திட்ட ஆரம்பித்தார். திரும்பி வருகிறவரை திட்டு ஓயவேயில்லை.