முன் வாங்கும் பின் வாங்கும்

ஆண்டுதோறும் ஜனவரி 18ஆம் நாள் தொடங்கி 25ஆம் நாள் வரை கிறிஸ்தவ உலகம் ஒற்றுமைக்கான செப வாரத்தை அனுட்டித்து வருகின்றது. யாழ்ப்பாணத்திலும் அந்த வாரத்தில் பல சபையாரும் ஒன்றுகூடி வழிபடுவதுண்டு. அப்போது பிரசங்க பீடத்திலிருந்து இரண்டு சொற்கள் தவறாது ஒலிக்கும். ஒன்று ஒற்றுமை, மற்றது பணிவு. இரண்டும் நல்ல சொற்களே. ஆயினும், யாரோடு ஒற்றுமை, யாருக்குப் பணிவு என்று கேளாதவரை, நல்ல சொற்களும் வெறும் ஓசையாகவே நின்றுவிடுகின்றன. அந்தக் கேள்விகளை நாம் எம்மிடமே கேட்டுப் பார்த்த கதை இது.

சபைகளின் ஒற்றுமைக்கு எம் குடாநாட்டில் நீண்ட வரலாறு உண்டு. போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கம் வேரூன்றிய இம்மண்ணுக்கு 1814இல் மெதடிஸ்த மிஷனரிமார் வந்தனர். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும், அதன் பின்னர் வட்டுக்கோட்டையிலும் குடியேறினர். 1818இல் அங்கிலிக்க மிஷனரிமார் நல்லூரில் பணி தொடங்கினர். ஒரே வேதத்தைக் கையில் ஏந்தியவர்கள் மூன்று வேலிகளுக்குள் நின்று அதைப் போதித்தார்கள். அந்த வேலிகள் வெட்கத்துக்குரியவை என்று பிற்காலத்தோர் உணர்ந்தனர். 1947 செப்டெம்பர் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது, அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகள் கடல் கடந்தும் அதனுடன் இணைந்தன. அதன் யாழ்ப்பாண ஆதீனத்துக்குச் சபாபதி குலேந்திரன் முதல் ஆயரானார். அயல்வீட்டு அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் அதிற் சேரவில்லை. அவர்களையும் உள்ளடக்கி இலங்கைத் திருச்சபை என்ற ஒன்றை அமைக்க நெடுங்காலம் பேசினார்கள். 1972இல் அது கைகூடும் வேளையில் வழக்கு மன்றத்தில் முடங்கிப் போயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இணைந்திருந்த யாழ்ப்பாண ஆதீனத்துக்குள்ளேயே பிளவு தோன்றித் தனிச்சபை ஒன்றும் அமைந்தது.

இவை யாவும் ஆயர்களும் அறிஞர்களும் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசிய பிரிவினைகள். ஒரே சபையில், ஒரே கூரையின் கீழ், ஒரு வாங்குக்கும் அடுத்த வாங்குக்கும் இடையே இருந்த இரண்டடித் தூரத்தைப் பற்றிப் பேச எந்த மேசை போடப்பட்டது?

1960களின் தொடக்கத்தில், வலிகாமத்து ஊர் ஒன்றின் சிறு தேவாலயத்திலே நாம் பிள்ளையாக இருந்தோம். முன் வாங்குகள் எம்மவர்க்கு. கடைசி இரண்டு வாங்குகள் மரமேறும் தொழிலாளர் குடும்பங்களுக்கு. எந்தப் பலகையிலும் அவ்வாறு எழுதி வைக்கப்படவில்லை. எழுதப்படாத சட்டத்தை மீறுவோரும் இல்லை. திருவிருந்து நாளில் முன்னவர் அருந்தி முடித்த பின்னரே கிண்ணம் பின்னவரிடம் செல்லும். போதகர் எல்லாரையும் "சகோதரரே" என்றே விளிப்பார். வழிபாடு முடிந்து படலையைத் தாண்டியதும் அந்தச் சகோதரர்கள் எம் பாட்டனாரை "நயினார்" என்பார்கள். அம்மம்மாவை "நாச்சியார்" என்பார்கள். நரைத்த தலையினரை எம் வீட்டுச் சிறுவர்கள் ஒருமையிற் கூப்பிடுவார்கள். நாமும் கூப்பிட்டோம்.

ஆறில்லாத நாடு எம் நாடு. சுண்ணாம்புக் கல்லுக்கு அடியிற் கிடக்கும் ஊற்றே எமக்கு உயிர். நல்ல தண்ணீர்க் கிணறு யாருடைய வளவில் இருக்கின்றதோ அவர் கையில் ஊரின் தொண்டை இருக்கின்றது. எம் வளவிலும் அத்தகைய கிணறு ஒன்று இருந்தது. பின் வாங்குக் குடும்பத்துப் பெண்கள் குடத்தோடு வந்து கிணற்றடிக்கு அப்பால் நிற்பார்கள். எம் வீட்டார் யாரேனும் மனமிரங்கி அள்ளி ஊற்றும்வரை வெயிலில் நிற்பார்கள். அவர்கள் கை துலாக் கயிற்றிற் படலாகாது. ஞாயிறு காலை ஒரே கிண்ணத்தில் அருந்தியவர்கள், திங்கள் காலை ஒரே கயிற்றைத் தொடலாகாது!

அவ்வாறிருக்கையில் புதிய போதகர் ஒருவர் எம் சபைக்கு வந்தார். பெரிய வியாழன் மாலை, பாதங் கழுவும் சடங்கை நடத்த எண்ணிப் பன்னிருவரை அழைத்தார். பன்னிரண்டாமவர் கடைசி வாங்கிலிருந்து எழுந்து வந்த முதியவர். பனை ஏறி ஏறிக் காய்த்துப்போன அந்தப் பாதங்களைப் போதகர் முழந்தாளிட்டுக் கழுவித் துடைத்தபோது முன் வாங்குகளில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கிற்று. வழிபாடு முடிந்த பின்னர் அம்முதியவர், சபையின் மூப்பராகிய எம் பாட்டனாரிடம் முற்றத்தில் வைத்துக் கேட்டார்.

"ஐயர் என்ரை காலைக் கழுவிப்போட்டார் நயினார். நாளைக்கு உங்கடை கிணத்திலை நானே ஒரு வாளி தண்ணி அள்ளலாமோ?"

பாட்டனார் கொடியவர் அல்லர். கொள்ளை நோய்க் காலத்தில் அதே குடும்பத்துக்கு மருந்து வாங்கிக் கொடுத்தவர். சற்று நேரம் நிலத்தைப் பார்த்து நின்றுவிட்டுச் சொன்னார்:

"வழக்கத்தை நான் தனிய மாத்தேலாது. நீ பணிவாய் இரு. அதுதான் வேதக்காரனுக்கு அழகு."

அந்த வாக்கியத்தைப் பல ஆண்டுகளாக நாம் எண்ணிப் பார்க்கின்றோம். காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை குனிந்தே வாழ்ந்த ஒருவருக்கு, குனிந்து வாழ்வதே அழகு என்று சொல்லப்பட்டது. ஆனால் அந்தச் சடங்கின் பொருள் என்ன? குரு சீடரின் காலைக் கழுவினார். சீடர் குருவின் காலைக் கழுவியதாக வேதம் சொல்லவில்லை. உயரத்தில் இருப்பவன் இறங்குவதற்கே பணிவு என்று பெயர். தாழ்த்தப்பட்டவன் தாழ்ந்திருப்பதற்குப் பெயர் வேறு, அது அடிமைத்தனம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே எம் சபைகள் செய்த பெரும் பிழை. கொரிந்து நகரத்துச் சபையில் வசதியுள்ளோர் முந்தி உண்டு களிக்க, ஏழைகள் பசியோடு நின்றதைப் பவுல் கண்டித்தார். பந்தியில் வேற்றுமை இருக்குமாயின் அது ஆண்டவரின் பந்தியன்று என்பதே அக்கண்டனத்தின் சாரம்.

இறங்கி வந்த மனிதரை இம்மண் அறியாததன்று. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், யோசப் வாஸ் அடிகள் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். கோவாவின் பிராமணக் குலத்திற் பிறந்தவர், பிச்சைக்காரக் கோலத்தில் வந்து வீடு வீடாக நின்றார். சில்லாலை மக்கள் அவருக்குப் புகலிடம் தந்தனர். 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார், சிலைகளும் எழுந்தன. சிலைக்கு மாலை இடுவது எளிது. அவர் கழற்றி வைத்த குலப்பெருமையைக் கழற்றி வைப்பதன்றோ அரிது?

அந்த அருமையை மிஷனரிமாரும் கண்டார்கள். ஆரம்ப காலத்து உறைவிட மாணவர் மிஷன் வளவுக்குள் சமைத்த உணவை உண்ண மறுத்தமையால், சமையற்கூடத்தை வளவுக்குப் புறத்தே அமைக்க வேண்டியிருந்தது. கல்வி வேண்டும், சாதியும் வேண்டும் என்றது யாழ்ப்பாணம். கிறிஸ்தவம் வேண்டும், சாதியும் வேண்டும் என்று பின்னர் அது தன்னைத் திருத்திக்கொண்டது! கத்தோலிக்க ஊர்களிலும் சாதிக்கொரு கோவில் எழுந்தது உண்டு. மண்ணுக்குள் போன பின்னரும் சேர்ந்து கிடக்கலாகாது என்று சேமக்காலையைப் பிரித்த இடங்களும் உண்டு.

இதற்கு எதிரான குரலும் எம் வகுப்பறைகளிலிருந்தே பிறந்தது என்பதை ஆசிரியரும் மாணவரும் மறத்தலாகாது. 1924இல் ஹன்டி பேரின்பநாயகமும் அவர் தோழரும் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிப காங்கிரஸ் என வளர்ந்து, தீண்டாமை ஒழிப்பைத் தன் கொள்கையாக்கிற்று. 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்கள் இந்த இளைஞர்களே. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என்ற விதி வந்தபோது, சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு வாங்கில் ஒரு குழந்தை அமர்வதைப் பொறாது கூரைக்குத் தீ வைத்த சமூகம் எம் சமூகம். ஆயினும் பாடசாலை வாங்கு வென்றது. தேவாலய வாங்கோ அசையாது கிடந்தது.

ஏன்? 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலின் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அங்கே வாசல் மறிக்கப்பட்டிருந்தது. மறித்தவர் யார் என்பதை நாடே கண்டது. எம்மவருள் சிலர் அதைக் கண்டு, எங்கள் மார்க்கத்தில் அப்படி இல்லை என்று நெஞ்சு நிமிர்த்தினார்கள். உண்மை, எம் வாசல் என்றும் திறந்தே இருந்தது. பூட்டிய கதவைத் தட்டலாம், மறியல் செய்யலாம், 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தைக் காட்டி வழக்காடலாம். திறந்த கதவுக்கு உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் வேலியை எதைக் கொண்டு தகர்ப்பது?

போர் அதைத் தகர்த்துவிடும் என்று ஒருகாலத்தில் நம்பினோம். 1995 ஜூலை 9ஆம் நாள் நவாலி புனித பேதுரு பாவுலு ஆலயத்திற் குண்டு விழுந்து, அடைக்கலம் புகுந்திருந்தோர் நூற்றுக்கும் மேலானோர் மாண்டனர். அங்கே சிந்திய குருதியில் சைவனுடையது எது, வேதக்காரனுடையது எது, முன் வாங்குக்காரனுடையது எது என்று யார் பிரித்தறிய முடியும்? அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமமே வெறுமையாயிற்று. மழையில் நனைந்தபடி இலட்சக்கணக்கானோரோடு நாமும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில், பாதங் கழுவப்பட்ட அந்த முதியவரின் மகளுடைய குடும்பமும் எம் குடும்பமும் பக்கத்துப் பக்கத்திற் பாய் விரித்தோம். எம் தாயார் காய்ச்சலாய்க் கிடந்தபோது, ஊரார் கிணற்றில் நீண்ட வரிசையில் நின்று தண்ணீர் அள்ளி வந்து, தகரப் பேணியில் அவர் வாயில் ஊற்றியவர் அந்தப் பெண்ணே. தாயார் தடுக்கவில்லை, பருகினார். அகதி என்ற ஒரே சாதியாக ஆறு மாதங்கள் வாழ்ந்தோம்.

1996இல் ஊர் திரும்பினோம். வீட்டுக் கூரை இல்லை, துலாவும் இல்லை. கூரை வேய்ந்தோம்; துலா நாட்டினோம்; கிணற்றடிக்குப் படலையும் போட்டோம். போட்டவர்கள் எம் வீட்டாரே. முற்போக்கு ஏடுகளைப் படித்தும் படிப்பித்தும் வந்த நாம் அதைத் தடுக்கவில்லை. "தாயாரின் மனம் நோகும்" என்று எமக்கு நாமே சமாதானம் சொன்னோம். பாட்டனாரின் "தனிய மாத்தேலாது" என்ற சொல் எம் வாயிலும் இருந்தது. அதை நாம் உரக்கச் சொல்லவில்லை, அவ்வளவே.

சில ஆண்டுகளில் கடைசி இரண்டு வாங்குகளும் வெறுமையாயின. அந்தக் குடும்பங்கள் ஊரின் எல்லையிற் புதிதாக எழுந்த பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டன. சபைக் கூட்டத்தில் கொதிப்பு எழுந்தது. "சபையைப் பிளந்துவிட்டார்கள்" என்றார்கள். "வெளிநாட்டுப் பணம்" என்றார்கள். நாம் அந்தப் பெண்ணைத் தெருவிற் கண்டு, அங்கே என்ன கண்டாய் என்று கேட்டோம்.

"அங்கை முன்னுக்கு இருக்கலாம் அண்ணை" என்றார்.

கோட்பாட்டு விளக்கம் ஒன்றும் அவர் சொல்லவில்லை. எமக்கு உறைத்தது இன்னொன்று. அதுவரை எம்மைச் "சின்ன நயினார்" என்றே அழைத்து வந்தவர் அன்றுதான் "அண்ணை" என்றார். எம் சபையில் இருந்தவரை அவர் வாயிலிருந்து வராத சகோதர உறவு, எம் சபையை விட்டு நீங்கிய பின்னர் வந்தது. பிளவு எப்போது நேர்ந்தது? அவர் போன நாளிலா, பாட்டனார் நிலத்தைப் பார்த்து நின்ற அந்தப் பெரிய வியாழனிலா? பிரிந்து போனவரைப் பிளவுபடுத்தியவர் என்று எளிதிற் குற்றஞ் சாட்டுகின்றோம். காலகாலமாகப் பிரித்து வைத்தவரின் பெயர் எந்தக் கூட்டக் குறிப்பிலும் ஏறுவதில்லை.

கிணற்றுப் படலையை அதற்குப் பின்னரே கழற்றினோம். பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. அவர்கள் வளவில் அப்போது சொந்தக் கிணறு வந்துவிட்டது. தேவையற்றுப்போன பின் வழங்கிய உரிமை எம் மனச்சான்றுக்கு இட்ட ஒத்தடம் மாத்திரமே.

ஆகவே ஒற்றுமை வாரத்துக்கு எம் வேண்டுகோள் சிறிது. அடுத்த ஊர்ச் சபையோடு கைகுலுக்கப் போகுமுன் எம் சபையின் கடைசி வாங்கில் யார் இருக்கின்றார், யார் இல்லை என்று எண்ணிப் பார்ப்போம். சேமக்காலையின் நடுமதிலையும் மூப்பர் பட்டியலையும் திருமணப் பேச்சில் முதலில் கேட்கப்படும் கேள்வியையும் ஒருமுறை நிறுத்துப் பார்ப்போம். ஆசிரியர்களே, மாணவர்களே, நீங்கள் வேதக்காரராயினும் சைவராயினும் எம்மதமும் அற்றவராயினும் இக்கணக்கு உங்களுக்கும் உரியது. உங்கள் ஊரிலும் ஒரு கிணறு இருக்கின்றது.

கடந்த ஞாயிறு வழிபாட்டுக்குச் சென்று கடைசி வாங்கில் அமர்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் பீடம் தெரியவில்லை. முன்னால் இருப்போரின் முதுகுகள் மாத்திரமே தெரிந்தன.